555 புத்தகமும் மாலை ஆறு மணியும்



எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஓய்வு வேளையில் நான்கு பேர் கூடினால் இப்போதெல்லாம் பாடத்திட்டத்தைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. கோழி என்ன விலை, முட்டை என்ன விலை, வெங்காயம் எந்தக் கடையில் மலிவு என்பதே பேச்சு. அப்படிப் பேசுவதற்குக் காரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசியின் விலை ஏறியது. உள்நாட்டு அரிசி கிடைக்காமல் மக்கள் கடை கடையாக அலைந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கோழிக்கான அரசாங்க உதவித்தொகை முடிவுக்கு வந்தது. முட்டைக்கான உதவித்தொகை 2025 மே மாதத்தில் பாதியாகக் குறைக்கப்பட்டு, ஆகஸ்டு 1ஆம் நாள் முற்றாக நிறுத்தப்பட்டது.

ஆகவே, விலை ஏறிவிட்டது என்று எவரேனும் சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால், என் வீட்டு உணவுச் செலவு கைமீறிப் போனதற்கு விலையேற்றம் மட்டுந்தான் காரணம் என்று நெடுநாள் நம்பி வந்தேன். அந்நம்பிக்கை பெரும்பகுதி தவறு என்பதை ஒரு சிறிய குறிப்புப் புத்தகம் எனக்குக் காட்டிக் கொடுத்தது. அதைப் பற்றித்தான் இன்று எழுத விழைகிறேன்.

இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்னஞ்சிறு புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கென்றே பிறவி எடுத்தது போலிருக்கும். நான் பிறந்த தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரிலும் கடைக்காரரிடம் அப்படி ஒரு புத்தகம் இருந்தது. சம்பள நாளன்று அம்மா அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்ப்பார். எழுத்து தெரியாத அவருக்கு எண் மட்டும் நன்றாகத் தெரியும்.

கடந்த ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதத்தில் பணம் பற்றிய பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்திற்கு வீட்டுச் செலவைப் பெற்றோரிடம் கேட்டு எழுதி வருமாறு பணித்தேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நீங்களும் எழுதுவீங்களா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எழுதாமல் இருக்க முடியுமா? அன்று மாலையே ஒரு 555 புத்தகம் வாங்கினேன். ஒரு வாரம் என்று தொடங்கியது ஒரு மாதமாக நீண்டது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பெல்லாம் வீட்டில் செலவைப் பற்றிய பேச்சு வந்தால், என் விரல் துணைவியாரின் சந்தைக் கூடையைத்தான் சுட்டும். “இரண்டு கட்டுக் கீரையும் கொஞ்சம் மீனும் வாங்க நூற்றைம்பது வெள்ளியா?” என்று கேட்டிருக்கிறேன். ஒரு முறையன்று, பல முறை. அவர் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் பணிபுரிகிறார். கணக்கு அவருக்குப் புதிதன்று. இருந்தும் பெரும்பாலும் மறுமொழி சொல்லாமல் போய்விடுவார்.

மாத இறுதியில் கூட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நாங்கள் இருவர், இடைநிலைப்பள்ளியில் பயிலும் மகன், தொடக்கப்பள்ளியில் பயிலும் மகள், எழுபதைக் கடந்த என் அம்மா. அந்த மாதம் உணவுக்கு மட்டும் 2,156 வெள்ளி போயிருந்தது. அதில் சந்தையிலும் மளிகைக் கடையிலும் வாங்கியவை 1,135 வெள்ளி. எஞ்சிய 1,021 வெள்ளியும் சமைத்த உணவை வெளியில் வாங்கியதால் வந்தது. நானும் துணைவியாரும் வேலை நாள்களில் வெளியில் பசியாறியது 253. வார இறுதியில் குடும்பத்தோடு கடைக்குப் போய் உண்டது 180. மீதி 588 வெள்ளியும் வேலை நாள் மாலைகளில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த உணவு. நம் ஊர் வழக்கில் சொன்னால் ‘தாப்பாவ்’. இருபத்திரண்டு வேலை நாள்களில் பதினான்கு மாலைகள்! ஒரு மாலைக்கு ஐவருக்குமாகச் சராசரி 42 வெள்ளி.

இப்போது ஒரு சிறு கணக்கு. என் துணைவியார் சந்தையில் இன்னும் கடுமையாகப் பேரம் பேசி, இன்னும் மலிவான கடையைத் தேடி அலைந்து, ஒவ்வொரு பொருளிலும் நூற்றுக்கு ஐந்து விழுக்காடு மிச்சப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1,135 வெள்ளியில் ஐந்து விழுக்காடு என்பது ஏறக்குறைய 57 வெள்ளி. அஃதாவது, ஒன்றரை மாலைப் பொட்டலத்தின் விலைகூட இல்லை. ஆண்டுக்கணக்கில் நான் சுட்டிக்கொண்டிருந்த விரல் எவ்வளவு அற்பமான இடத்தைச் சுட்டியிருக்கிறது என்பது புரிந்தது.

பொருள்களின் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ‘பிரைஸ்கேச்சர்’ செயலியில் எந்தக் கடையில் என்ன விலை என்று பார்த்துக்கொள்ளலாம், நானும் பார்க்கிறேன். ஒரு கிலோ பொட்டலத்தில் வரும் 2.50 வெள்ளி சமையல் எண்ணெய் கிடைக்கும்போது வாங்குகிறோம். ஆனால், காலை ஏழு மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய ஒருவரும், மாலை ஆறேகாலுக்கு வீடு திரும்பும் ஒருவரும் இருபது காசு வேறுபாட்டுக்காக மூன்று கடை ஏறி இறங்குவது சிக்கனம் ஆகாது. போன நேரத்திற்கு ஈடாக அன்று மாலை மறுபடியும் பொட்டலம்தான் வரும். இது பட்டறிந்து சொல்வது.

சரி, அந்தப் பதினான்கு மாலைகளில் என்னதான் நடந்தது? புத்தகத்தில் தொகைக்கு அருகில் நேரத்தையும் குறித்து வைத்திருந்தேன். பெரும்பாலும் மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வேளை. துணைவியார் அப்போதுதான் வீட்டிற்குள் கால் வைத்திருப்பார். கைப்பையை இறக்கி வைப்பதற்குள், “அம்மா, இன்று என்ன சாப்பாடு?” என்ற கேள்வி வரும். குளிர்பெட்டியைத் திறந்தால் கோழி பாறையாக உறைந்திருக்கும். கீரை இருக்கும், ஆய்ந்திருக்காது. பருப்பு இருக்கும், ஊறியிருக்காது. எல்லாம் இருந்தும் எதுவும் சமைக்கும் நிலையில் இருக்காது. அவர் ஒரு கணம் அப்படியே நிற்பார். நான் பெருந்தன்மையோடு, “பரவாயில்லை, நான் போய் வாங்கி வருகிறேன்” என்பேன். மகிழுந்தின் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். ஏதோ உதவி செய்துவிட்ட நிறைவு!

இதில் நான் எழுதாமல் விட்ட ஒரு செய்தி உண்டு. புறப்பாட நடவடிக்கை இல்லாத நாள்களில் நான் வீடு திரும்பும் நேரம் மூன்றரை, மிஞ்சிப் போனால் நாலரை. அதற்குப் பிறகு பயிற்சி நூல்களைத் திருத்துவேன், நாளிதழ் படிப்பேன், சற்றுக் கண்ணயர்வேன். குளிர்பெட்டியிலிருந்து கோழியை எடுத்து வெளியில் வைக்க அரை நிமிடம் போதும். ஒரு கைப்பிடி பருப்பை நீரில் போட ஒரு நிமிடம். எனக்கு அது தோன்றவே இல்லை. ஏனென்றால், இன்று என்ன சமையல் என்று தீர்மானிப்பது என் வேலை அன்று என்று இருபது ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். வீட்டிற்குக் கடைசியாக வந்து சேரும் ஒருவரிடம், களைத்துப் போயிருக்கும் ஒருவரிடம், அந்தத் தீர்மானத்தை விட்டு வைத்திருந்தோம். 588 வெள்ளி அதற்கு நாங்கள் கட்டிய அபராதம் என்றுதான் சொல்வேன்.

ஆக, என் கருத்து இதுதான். வேலைக்குப் போகும் குடும்பங்களில் உணவுச் செலவை ஏற்றுவது கடை விலை மட்டுமன்று. தீர்மானிக்கப்படாத மாலைப் பொழுதும்தான். அதைச் சரிசெய்யாமல் சந்தையில் காசைப் பிடிப்பது, ஓட்டை வாளியின் கைப்பிடியைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

இந்தக் கருத்தை வீட்டில் சொன்னபோது நான் இன்னொரு தவற்றையும் செய்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதாக எண்ணிக்கொண்டு, “உங்கள் பாட்டியைப் பாருங்கள். பால்மரம் வெட்டப் போனார், ஐந்து பிள்ளைகளை வளர்த்தார், ஒரு நாளாவது கடையில் சோறு வாங்கினாரா? எப்படிச் சமாளித்தார்?” என்றேன். மேடைகளிலும் திருமண வீடுகளிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சுதான் இது. அக்காலத்துப் பெண்கள் எல்லாவற்றையும் சமாளித்தார்கள், இக்காலத்துப் பெண்களுக்குத்தான் முடியவில்லை என்பார்கள்.

அம்மா முற்றத்தில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “நான் எங்கடா சமாளிச்சேன்? மூணு மணிக்கு எழுந்திரிச்சேன். தூக்கத்த வித்து ஆக்கிப் போட்டேன். அதையும் இந்தப் புள்ள செய்யணுமா?”

நான் வாயடைத்துப் போனேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அதற்கு முன் காலைக்கும் மதியத்திற்கும் சேர்த்து அடுப்பு வேலை முடிந்திருக்க வேண்டும். நாங்கள் கண் விழிக்கும்போது சோறும் இரசமும் மூடி வைக்கப்பட்டிருக்கும். அது தானாக வந்தது போல உண்டோம். அப்பா அந்நேரம் உறங்கிக்கொண்டிருந்தார் என்பதும் இப்போதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கடன் புத்தகத்தில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கு இருந்தது. அம்மாவின் மூன்று மணிக்கு எந்தப் பக்கத்திலும் கணக்கு இல்லை. ஒருவருடைய உறக்கத்தை விலையில்லாப் பொருளாக எடுத்துக்கொண்டு சிக்கனம் பேசுவதில் எனக்கு இனி உடன்பாடில்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் மிக எளியவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போய் வந்ததும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எல்லாரும் சமையலறையில் இருக்க வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும். கோழியைத் தூய்மை செய்து பிரிப்பது என் பொறுப்பு. இரண்டு கோழி வாங்கினால், ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவில் நான்கு பொட்டலங்களாக்கி உறையவைப்போம். முன்பு கோழியை முழுசாக உறையவைத்துவிட்டு மாலையில் அதோடு மல்லுக்கட்டினோம். சிறு பொட்டலமாகத் தட்டையாக வைத்தால், காலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டுப் போனால் போதும்; மாலைக்குள் இளகிவிடும். வெளியில் எடுத்து வைக்கவும் தேவையில்லை. நம் நாட்டு வெப்பத்தில் இறைச்சியை மணிக்கணக்கில் வெளியே வைப்பது நல்லதும் அன்று.

மகனுக்குச் சம்பால். காய்ந்த மிளகாயைச் சுடுநீரில் ஊறவைத்து, பெரிய வெங்காயம், பூண்டு, பெலாச்சான் சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை மெல்லிய தீயில் வதக்குவது அவன் வேலை. முதல் வாரம் பொறுமையின்றித் தீயைக் கூட்டி அடிபிடிக்க வைத்தான். வீடே இருமியது. இப்போது நன்றாகவே செய்கிறான். ஒரு புட்டி சம்பால் குளிர்பெட்டியில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அவித்த முட்டையைப் போடலாம், நெத்திலியைப் பொரித்துப் போடலாம், தகர மத்தி மீனைச் சேர்க்கலாம். பெரிய தகரம் ஒன்று, வெங்காயம், சோறு, ஒரு கட்டுக் கங்கோங் கீரை எல்லாம் சேர்த்து ஐவருக்கும் பதினைந்து வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது. நாற்பத்திரண்டு எங்கே, பதினைந்து எங்கே!

மகளுக்குப் பூண்டு உரிப்பதும் பொட்டலங்களில் பெயரும் நாளும் எழுதி ஒட்டுவதும். முதல் வாரமே ‘கோளி’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். தமிழாசிரியர் வீட்டுக் குளிர்பெட்டியில் கோளியா? பேனாவை எடுத்துத் திருத்தினேன். “குளிர்பெட்டியையும் விடமாட்டீங்களா?” என்றார் துணைவியார். ளகர ழகர வேறுபாட்டை நாற்பது மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் களைத்தவனுக்கு, வேறென்ன செய்யத் தோன்றும்?

துணைவியார் வாரத்திற்கான உணவுப் பட்டியலைச் சொல்வார். நான் ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவேன். இப்போது அவரும் நானும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சொல்கிறோம். ஏனென்றால், கை வேலையைப் பங்கிட்ட பிறகும் என்ன சமைப்பது என்று யோசிக்கும் வேலை அவர் தலையிலேயே இருந்தது. அதுவும் வேலைதான் என்பது எனக்கு விளங்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. நான் சொல்லும் வாரங்களில் இரசம் சற்று அதிகமாக வரும். யாரும் குறை சொல்வதில்லை; சொன்னால் அந்த வாரத்தை அவர்களிடமே ஒப்படைத்துவிடுவேன்.

அம்மாவை நாங்கள் எதிலும் சேர்க்கவில்லை. அவராகவே கீரை ஆய்வதை எடுத்துக்கொண்டார். தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டே ஆய்ந்துவிடுகிறார். வேண்டாம் என்றால் கோபம் வருகிறது.

தோல்விகளையும் சொல்லிவிடுகிறேன், பிறர் அவற்றைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. தொடக்கத்தில் ஆர்வக் கோளாற்றில் ஒரு வாரத்திற்கான உணவையும் ஞாயிறன்றே முழுமையாகச் சமைத்து வைத்தோம். உருளைக்கிழங்கு போட்ட கோழிக்கறியை உறையவைத்துச் சூடாக்கியபோது, கிழங்கு நீர்விட்டு மாவாகி, பஞ்சை மெல்வது போலிருந்தது. பெரிய பானையில் வைத்த சாம்பாரை மூன்றாம் நாள் எவரும் தொடவில்லை. நான்காம் நாள் பிள்ளைகள் ‘பசிக்கவில்லை’ என்றார்கள். அன்று பொட்டலம் வந்தது. சாம்பாரும் வீண், நாற்பது வெள்ளியும் வீண். முழுச் சமையலாக வைப்பதைவிட அரைத் தயாராக வைப்பதே எங்கள் வீட்டுக்கு ஒத்து வருகிறது என்று அப்போதுதான் அறிந்தோம். வதக்கிய வெங்காயமும் தக்காளியும் ஒரு கலனில், உரித்த பூண்டு ஒரு கலனில், தோசை மாவு ஒரு கலனில். மாலையில் அவற்றைச் சேர்ப்பதுதான் வேலை. முப்பத்தைந்து நிமிடத்தில் சுடச்சுட உணவு மேசைக்கு வந்துவிடுகிறது. பழைய உணவு என்ற மனக்குறையும் இல்லை.

மிஞ்சிய சோற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சிக்கனம் என்ற பெயரில் காலையில் வடித்த சோற்றை இரவுவரை மேசையிலேயே வைத்து, பிறகு சூடாக்கி உண்பவர்கள் உள்ளனர். வெளியில் நெடுநேரம் கிடக்கும் சோற்றில் பெருகும் ஒருவகை நுண்ணுயிரி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மிஞ்சினால் உடனே ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அதைவிட நல்லது, மிஞ்சாமல் வடிப்பது. நாங்கள் அரிசிக் குவளையை அளந்து பார்த்தபோது நாள்தோறும் ஏறக்குறைய அரைக் குவளை அரிசியை வீணாக்கி வந்தது தெரிந்தது.

புதன்கிழமைகளில் எனக்குப் புறப்பாட நடவடிக்கை, மகனுக்கும் அன்றுதான். வீடு திரும்ப மாலையாகிவிடும். எனவே புதன்கிழமை பொட்டலம் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டோம். அதற்கு வெட்கப்படுவதில்லை. திட்டத்தில் எழுதப்பட்ட பொட்டலம் செலவு. எழுதப்படாத பொட்டலம்தான் கசிவு. செவ்வாய் இரவே என்ன வேண்டும் என்று பிள்ளைகள் வாதிடத் தொடங்கிவிடுவார்கள். முன்பு வாரத்தில் மூன்று நாள் உண்டபோது இல்லாத ஆவல் இப்போது இருக்கிறது.

மூன்று மாதங்களுக்குப் பிறகு மீண்டும் ஒரு மாதம் 555 புத்தகத்தில் எழுதினேன். மாலைப் பொட்டலம் நான்கு முறை, 168 வெள்ளி. வெளியில் பசியாறியது 110. வார இறுதியில் வெளியே உண்டது 90. சந்தையும் மளிகையும் 1,290. மொத்தம் 1,658 வெள்ளி. முன்பைவிட 498 வெள்ளி குறைவு. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சந்தைச் செலவு குறையவில்லை, 155 வெள்ளி கூடியிருக்கிறது! பழைய கண்ணோட்டத்தோடு கூடையை மட்டும் பார்த்திருந்தால், செலவு ஏறிவிட்டது என்று மறுபடியும் விரலைச் சுட்டியிருப்பேன்.

எங்கள் வழி எல்லாருக்கும் பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியர் ஒருவர் அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தங்கியிருக்கிறார். அவருக்குக் கலப்புச் சோற்றுக் கடையில் எட்டு வெள்ளிக்கு உண்பதே மலிவு. ஒருவருக்காக வாங்கும் காய்கறியில் பாதி அழுகிப் போகும். அவரைப் பார்த்து ‘சமைத்துச் சாப்பிடத் தெரியவில்லை’ என்று மூத்த ஆசிரியர்கள் நகையாடுவது முறையன்று.

இன்னொரு சாராரும் உள்ளனர். மேலே சொன்ன வகுப்புப் பயிற்சியில் ஒரு மாணவன் கொண்டுவந்த தாளில் ஒரே வரியில் ஏழு முறை கறித்தூள் இருந்தது. சிறு பொட்டலம், ஒவ்வொரு நாளும் ஒன்று. அவன் தந்தைக்கு நாள் கூலி. பெரிய பொட்டலமாக வாங்கினால் மலிவு என்று எனக்குத் தெரியும். அந்தத் தாய்க்கும் தெரியாமலா இருக்கும்? பெரிய பொட்டலம் வாங்கும் பணம் ஒரே நேரத்தில் கையில் இருப்பதில்லை. அவ்வீட்டில் குளிர்பெட்டியும் பழுதாகிக் கிடப்பதாக மாணவன் சொன்னான். ஆக, காசில்லாதவர்தான் அதே கறித்தூளுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார். மொத்தமாக வாங்குங்கள், உறையவைத்துப் பயன்படுத்துங்கள் என்று நாம் எழுதும் அறிவுரைகள் யாவும் மாதச் சம்பளமும் ஓடும் குளிர்பெட்டியும் உள்ளவர்களுக்கே. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சிக்கனத்தைப் பற்றி நீண்ட உரையாற்றுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மாணவனின் தாளுக்கு நான் முழுப் புள்ளி வழங்கினேன். கணக்கில் ஒரு காசு பிழையில்லை.

அதே வேளையில், மாதச் சம்பளம் வாங்கும் நம்மில் பலர் மொத்தமாக வாங்குவதில் எதிர்ப்பக்கம் தவறுகிறோம். பேரங்காடியில் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் ஆறு வாங்குவோம். எங்கள் வீட்டு அலமாரியின் பின்வரிசையில் காலாவதியான தக்காளிக் குழம்புப் புட்டிகள் நான்கு கிடந்தன. அவற்றை நானேதான் வாங்கினேன் என்று துணைவியார் நினைவூட்டினார். எனக்கு நினைவில்லை!

நண்பர் ஒருவர் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் டியூஷன் நடத்தினால் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாமே?” அவர் கணக்கு தவறன்று. ஆனால், டியூஷன் பணம் வந்தாலும் மாலை ஆறரை மணிக்குத் துணைவியார் குளிர்பெட்டியின் முன் நிற்பது மாறியிருக்காது. வரவு கூடினால் பொட்டலம் பெரிதாகும், அவ்வளவே. இப்போது அவர் வீட்டிற்குள் வரும்போது உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருக்கிறது. முதலில் குளிக்கப் போகிறார். முன்பு குளிப்பதற்கு இரவு ஒன்பதாகும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

இன்னும் கைக்கு வராதது காலைப் பசியாறல்தான். 253 வெள்ளி 110ஆகக் குறைந்ததே தோசை மாவின் புண்ணியம். வாரத்தில் இரண்டு நாள் தோசை, ஒரு நாள் ரொட்டியும் முட்டையும். மற்ற இரு நாள்களில் ஆறு மணிக்கு எல்லாரும் ஓடிக்கொண்டிருப்போம். பள்ளிக்குப் போகும் வழியில் நாசி லெமாக் கடை அழைக்கும். அந்த இரண்டு நாள்களுக்காக விடியற்காலை நான்கரைக்கு எழுந்து இட்டிலி வைக்கலாமா என்று துணைவியார் ஒருமுறை கேட்டார். நான் பதில் சொல்லுமுன் அம்மா உள்ளிருந்து, “வேணாம்மா, தூங்கு” என்றார்.

அந்த இரண்டு நாள் நாசி லெமாக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டோம்.